கடலோரத்தில் தேயிலையைக் காயப்போட்டவர்கள்

எங்கள் மலையில் பச்சை இலை விலை குறைந்தால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மழை அதிகம் என்பார் ஒருவர், மழையே இல்லை என்பார் இன்னொருவர். ஏலத்தில் கூட்டமில்லை, உரம் சரியில்லை, தோட்டத்துக்குள் காட்டெருமை புகுந்துவிட்டது என்று வரிசையாக வரும். துறைமுகத்தைத் திட்டுகிற ஆளை மட்டும் நான் கண்டதில்லை. நான் ஒருத்திதான் வருடக்கணக்காக அதைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் கண்ணால் பார்க்காமலேயே.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற சாலையில் ஒரு சின்னத் தேயிலைப் பேக்கிங் யூனிட்டில் எனக்கு வேலை. ஃபேக்டரிகளிலும் ஏலத்திலும் தூளை வாங்கி, கலந்து, சலித்து, காகிதச் சாக்குகளில் நிரப்பி வெளியூருக்கு அனுப்புவது எங்கள் தொழில். உள்ளே சலிப்பதும் நிரப்புவதும் தைப்பதும் எல்லாம் பெண்கள்தான். சரக்கை அனுப்பி வைப்பது என் பொறுப்பு. லாரி பிடிக்க வேண்டும், காலிக் கன்டெய்னருக்குக் கெஞ்ச வேண்டும், கப்பலில் இடம் வாங்க வேண்டும், கப்பல் எங்கே வருகிறது என்று நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சேரங்கோட்டில் அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, பஸ் மாறிப் பஸ் ஏறி பி.காம். படித்தவள் நான். கொழுந்து பறிக்கிற கூடையிலிருந்து தப்பித்தேன் என்று என் அம்மாவுக்குப் பெருமை. கூடையாவது சாயங்காலம் இறக்கி வைக்க முடியும். இந்தப் போனை இறக்கி வைக்க முடியாது.

மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கோ ஒரு கடலில் சண்டை, கப்பலெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது, அதனால் துறைமுகத்தில் காலிக் கன்டெய்னர் பெட்டி இல்லை என்று ஒருநாள் போனில் சொல்வார்கள். பெட்டி இல்லையென்றால் எங்கள் சாக்கு நகராது. சாக்கு நகராவிட்டால் எங்கள் முதலாளி தூள் வாங்குவதை நிறுத்துவார். வாங்குகிறவர்கள் நிறுத்தினால் ஃபேக்டரி இலை எடுப்பதைக் குறைக்கும். அரை ஏக்கர் வைத்திருக்கிறவர் பறித்த இலையைச் சாலையோரம் வைத்துக்கொண்டு வராத வண்டியைப் பார்த்து நிற்பார். இலை சூடேறிச் சிவந்துபோகும். அவர் வானத்தைப் பார்த்துத் திட்டுவார். நான் பஸ் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே போவேன். இறங்கிப்போய், "அண்ணா, மழைமேல தப்பில்லைங்க, தூத்துக்குடியில பெட்டி இல்லைங்க" என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பார்.

இதில் இன்னொரு கழுத்தறுப்பு உண்டு. கன்டெய்னர் வண்டி எங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பாது என்று டிரான்ஸ்போர்ட்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். ஆகவே தேயிலை லாரியில் மலை இறங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் இறங்கி, அங்கே கன்டெய்னருக்குள் ஏறி, பிறகு துறைமுகக் கேட்டுக்குள் போக வேண்டும். கப்பல் கிளம்புவதற்கு முன்பே ஒரு நேரம் குறித்து அந்தக் கப்பலுக்கான கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் பெட்டி உள்ளே போகாவிட்டால் போகாததுதான். கப்பல் மட்டும் எத்தனை நாள் வேண்டுமானாலும் தாமதமாக வரலாம், அதைக் கேட்க ஆளில்லை. சீசனில் சுற்றுலாக் கார்கள் வளைவுகளில் முட்டிக்கொண்டு நிற்கும்போது எங்கள் லாரி தாமதமானால் மட்டும் அது எங்கள் குற்றம்.

தூத்துக்குடியில் ஏறுகிற பெட்டிகளில் பல சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பல் மாறும். இதை ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் சின்ன வயதில் கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்டவர். "அங்கிட்டுத்தான் மலை மலையா தேயிலை கெடக்கே. இங்கயிருந்து எதுக்குப் புள்ள அங்க அனுப்புறீங்க?" என்று கேட்டார். கப்பல் மாறத்தான் என்று விளக்கினேன். "எங்களை இங்க அனுப்புனாங்க, தேயிலையை அங்க அனுப்புறாங்க, நல்ல வேலைதான்" என்று வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் பொறுமையில்லாத நல்ல மனிதர். வயது எழுபதை நெருங்கியவர். எங்கள் யூனிட் கட்டடம் பழைய கல் கட்டடம். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ரிசார்ட்காரர் ஒருவர் வெள்ளைக் காரில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார். மூட்டை அடுக்கும் இடத்தில் கட்டில் போட்டால் எத்தனை அறை வரும் என்று அவர் கண்ணாலேயே அளப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெண்கள் அவர் வந்தால் வேண்டுமென்றே சல்லடையை வேகமாக ஆட்டித் தூசி கிளப்புவார்கள். அவர் தும்மிக்கொண்டே போவார், அடுத்த வாரம் திரும்ப வருவார்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு நேரடியாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அதுவரை பெரிய ஏற்றுமதிக்காரர்களுக்குத்தான் நிரப்பிக் கொடுப்போம். சாக்கில் அவர்கள் பெயர் இருக்கும். இந்த முறை எங்கள் பெயரிலேயே சாக்கு அச்சடித்தோம். வாங்குகிறவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். குறித்த கப்பலில் சரக்கு ஏற வேண்டும், ஏறினால் மாதாமாதம் வாங்குவேன், ஏறாவிட்டால் வேண்டாம் என்றார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, இந்த ஒரு லோடு நல்லபடியாக் கப்பல் ஏறட்டும். ஏறுச்சுன்னா நாம தொடர்ந்து ஓட்டலாமுங்க. இல்லீன்னா என்னால முடியாது. கட்டடத்தைக் குடுத்துட்டு நிம்மதியா ஊட்டுல இருந்துக்கறேன்" என்றார்.

இதை அவர் கதவைச் சாத்தாமல் சொன்னார். வெளியே சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த லோடு அவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் யூனிட்டை விட்டால் அவர்களுக்குத் தோட்டத்துத் தினக்கூலி, அல்லது ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை. சிலருக்கு அதுவும் கிடைக்காது. எனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? கப்பலைத் தேடுகிற வேலை தெரிந்தவளுக்குக் கப்பலே வராத மலையில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

ஐப்பசி மாதம். சரக்கு ஏற்றுகிற அன்று எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டம். பெண்கள் சாக்குகளை லாரியில் அடுக்கி, ஒன்றுக்கு இரண்டாகத் தார்ப்பாய் போட்டு, காற்றுகூடப் போகாமல் இழுத்துக் கட்டினார்கள். எங்களுக்கு ஈரம்தான் பரம எதிரி. தேயிலை ஈரத்தைக் குடித்தால் முடிந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி லாரி கிளம்பியது.

கிடங்கில் நம் ஆள் ஒருவர் நின்று கன்டெய்னரைப் பார்த்து வாங்க வேண்டும். ஓட்டை இருக்கிறதா, பழைய சரக்கு நாற்றம் அடிக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். "நீங்களே போயிட்டு வாங்க அம்மணி" என்றார் முதலாளி. நான் பஸ்ஸில் தூத்துக்குடிக்குக் கிளம்பினேன். ஸ்வெட்டர் போட்டு, மேலே சால்வை போர்த்தி, பையில் இன்னொரு ஸ்வெட்டர் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். மலைக்காரிக்கு அது இல்லாமல் வெளியே கால் வைத்துப் பழக்கமில்லை. தூத்துக்குடி பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு சின்னக் குழந்தை என்னைப் பார்த்துத் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டுச் சிரித்தது.

இத்தனை வருடம் திட்டிய துறைமுகத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆட்டோவை அந்தப் பக்கமாக விடச் சொன்னேன். சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். உப்பைக் குவித்துக் கீற்றால் மூடி வைத்திருந்தார்கள். காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய வண்டி தெருவையே அடைத்துக்கொண்டு நகர்ந்தது. அதற்குப் பின்னால் கன்டெய்னர் வண்டிகள், சோளம் ஏற்றிய லாரிகள், கரி ஏற்றிய லாரிகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். தூரத்தில் மதிலுக்கு மேலே கிரேன்களின் தலை மட்டும் தெரிந்தது. கேட்டில் நின்ற காவலர் பாஸ் இல்லாமல் விட முடியாது என்றார். இந்தத் துறைமுகத்துக்காக நான் எத்தனை வருடம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். ஆட்டோக்காரர், "யக்கா, இங்க நிப்பாட்டக் கூடாதுக்கா, போலாமா?" என்றார். கப்பலைப் பார்க்காமலே திரும்பினேன்.

கிடங்குக்குப் போனபோது எங்கள் லாரி வாசலுக்குள் வந்து நின்றிருந்தது. கிடங்கு இன்னும் திறக்கவில்லை. இரவில் அங்கே மழை பெய்திருந்தது. தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஆனால் மேலே வெயில். அப்படி ஒரு வெயிலை நான் மலையில் சித்திரையில்கூடக் கண்டதில்லை.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலையில் வெயில் வந்துவிட்டால் யாருக்கும் கைகால் நிற்காது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவோம். ஈரத்துணி, போர்வை, தலையணை, விறகு, செருப்பு, கையில் கிடைத்ததையெல்லாம் வெளியே கொண்டுவந்து போடுவோம். காய வேண்டியது எதுவும் இல்லையென்றால் நாங்களே போய் நிற்போம். மறுபடி எப்போது வெயில் வருமோ யார் கண்டது?

லாரி டிரைவர் கோத்தகிரிக்காரர், என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, பனியில ஏத்துன சரக்கு. இந்த வெயிலு சும்மா போகுதுங்களே" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். "அங்க வெயிலுங்களா அம்மணி? அப்ப தார்ப்பாயைப் பிரிச்சுப் போடுங்க. நடுவால இருக்கற மூட்டையை எல்லாம் எடுத்து வெளிய வைங்க, நல்லாக் காயட்டும்" என்றார். மூன்று மலைக்காரர்கள், மூன்று பேருக்கும் ஒரே புத்தி. வாசலில் காத்திருந்த சுமைதூக்குகிறவர்களைக் கூப்பிட்டு, தார்ப்பாயைத் தரையில் விரித்து, சாக்குகளை இறக்கி, நல்ல வெயிலில் வரிசையாக நிறுத்தினோம். உள்ளே குளிர்ந்து கிடந்த சாக்குகளைத் தேடித் தேடி எடுத்து வைத்தோம். டிரைவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. கை வியர்வை என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். சாக்கேதான் நனைந்திருந்தது. பக்கத்துச் சாக்கும் அப்படியே. காகிதத்தின் மேல் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. அதன் மேல் எங்கிருந்தோ பறந்துவந்த கரித்தூசி வேறு படிந்து, எங்கள் பெயருக்கு மேல் கருப்பாகக் கோடு கோடாக வழிந்தது.

கிடங்கு மேலாளர் அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.

"யாரு இதப் பிரிச்சது?"

"நாங்கதாங்க. பனி ஏறியிருக்குமேன்னு காயப் போட்டோமுங்க."

"காயப் போட்டியளா? குளுந்த சரக்கக் கொண்டாந்து கடக்காத்துல பிரிச்சா வேர்க்காதா? பிரிட்ஜில இருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்கும்லா? மூடுன மேனிக்கு வச்சிருந்தா மத்தியானத்துக்குள்ள சூடேறி ஒழுங்கா இருந்திருக்கும்."

"வெயில் அடிக்குதேங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது.

"வெயில் அடிச்சா? காத்துல தண்ணி கெடக்கே. ஈரச் சாக்க நான் பெட்டிக்குள்ள ஏத்த மாட்டேன். உள்ள பூட்டி வச்சா பூஞ்சைக்காளான் பூத்துரும், பெறவு எங்கிட்ட வந்து சண்டைக்கு நிப்பாவ."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு யாரைப் பிடித்துக் கடிப்பது என்று தெரியவில்லை. காயப்போடச் சொன்ன முதலாளியையா, பல்லை இளித்துக்கொண்டு மூட்டை இறக்கிய டிரைவரையா, அந்த வெயிலையா? பனியில், மழையில், வளைவில், வழியெல்லாம் ஒரு சொட்டுக்கூடப் படாமல் கொண்டுவந்த தேயிலையை, வெயிலில் நனைத்த ஆட்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அன்று சாயங்காலம்தான் எங்கள் கப்பலுக்கான கேட்டை மூடுவார்கள். அதையும் மேலாளரே நினைவுபடுத்தினார்.

சாக்குகளையெல்லாம் கிடங்குக்குள் தூக்கிப்போய், ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, இருந்த பெரிய விசிறிகளையெல்லாம் போடச் சொன்னேன். சுமைதூக்குகிறவர்கள், "எத்தன தடவக்கா ஏத்தி எறக்க?" என்று சலித்துக்கொண்டார்கள். துடைக்கத் துணி கேட்டேன். கிடங்கில் கிரீஸ் துடைக்கிற துணிதான் இருந்தது. அந்த நாற்றம் தேயிலையில் ஏறிவிடும். கடைக்குப் போய் வரவும் நேரமில்லை. போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். பிறகு பையிலிருந்த ஸ்வெட்டர், பிறகு சால்வை. டிரைவர் தன் குரங்குக் குல்லாயையும் கம்பளியையும் கொண்டுவந்தார். உப்பு விளைகிற ஊரில் கம்பளி உடுப்போடு மூட்டை துடைக்கிற எங்களைப் பக்கத்துக் கிடங்கு ஆட்களெல்லாம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துத் தொலையட்டும் என்று துடைத்தேன். எங்கள் பெயரை எழுதிய எழுத்துக்களை மட்டும் மெதுவாகத் துடைத்தேன், கரி தேய்ந்து பரவிவிடக் கூடாதே என்று.

மேலாளர் உள்ளங்கையால் ஒவ்வொரு சாக்காகத் தொட்டுப் பார்த்தார். ஐந்தாறு சாக்கில் குத்தி மீட்டரில் ஈரம் பார்த்தார். உள்ளே ஈயத்தாள் இருந்ததால் தேயிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கன்டெய்னருக்குள் நான் போய் நின்று, கதவைச் சாத்தச் சொல்லி, எங்காவது வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். இருட்டு. அடுப்புக்குள் நிற்பதுபோல் இருந்தது. ஏற்றினார்கள், கதவைப் பூட்டிச் சீல் வைத்தார்கள், வண்டி கிளம்பியது. பொழுது மேற்கே இறங்கிவிட்டிருந்தது.

துறைமுகத்தில் எங்கள் வேலைகளைப் பார்க்கிற ஏஜென்ட் பையன் வண்டியோடு போனான். எத்தனையோ வருடம் குரலாகவே தெரிந்தவனை அன்றுதான் முகமாகப் பார்த்தேன். அவன் போன் வந்தபோது நான் கிடங்கு வாசலில் நின்றிருந்தேன். "அக்கா, நமக்கு முன்னால வரிசையில இன்னும் ஏகப்பட்ட வண்டி நிக்கி. கேட்ட மூடிட்டாவக்கா" என்றான்.

முதலாளிக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர், "சரி விடுங்க அம்மணி. நம்ம கையில என்னங்க இருக்குது? பத்திரமா வந்து சேருங்க" என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. தோள்சுமையை இறக்கி வைத்தவர் குரல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சுமையில்தானே நாங்கள் இத்தனை பேர் இருந்தோம்?

பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் குடிக்கப் பிடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி ஏஜென்ட் பையன். மூச்சு வாங்கப் பேசினான். "அக்கா, முன்னால வந்த கப்பல் இன்னும் தளத்த விட்டு நகரல. நம்ம கப்பல் வெளிக்கடல்லயே நிக்கி. அதனால கேட்டத் திரும்பத் திறந்துட்டாவ. பெட்டி உள்ள போயிட்டுக்கா!" கப்பல் தாமதம்! எத்தனை வருடம் நான் மண்ணை வாரித் தூற்றிய அந்தத் தாமதம். பஸ் நிலையம் என்றும் பாராமல் "ஐயோ சாமி" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்கள்.

முதலாளியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பஸ் ஏறியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறும்போதுதான் எடுத்தார்.

"ஐயா, பெட்டி உள்ள போயிருச்சுங்க! கப்பல்ல ஏறிரும்!"

பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லையோ என்று போனை வாயோடு ஒட்டிப் பிடித்தேன்.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க அம்மணி. நேத்து நீங்க சொன்னதும் அந்தக் கோயமுத்தூர்க்காரரை வரச் சொல்லிட்டேன். அடுத்த மாசத்தோட மூடிக் குடுத்தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டனுங்களே. நாக்குப் பெரளக் கூடாதுங்களே."

ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை அந்த மனிதரால். வாழ்நாள் முழுக்க ஏலத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று பொறுத்தவர். வாக்காம் வாக்கு. லோடு ஏறினால் ஓட்டலாம் என்று என்னிடம் சொன்னது மட்டும் என்ன, வாயில் போட்டு மெல்லுகிற பாக்கா? கேட்டேன். பஸ் நிலையத்தில் நின்று இதை அப்படியே கேட்டேன். "நீங்க சொல்றது சரிதானுங்க அம்மணி" என்றார். சரி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு என்ன செய்வது? சண்டை போடுவதற்குக்கூட எதிராளி வேண்டும்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "பொம்பளைங்ககிட்ட நீங்களே சொல்லீருங்க. நான் சொன்னா அழுவாங்க" என்றார்.

"முடியாதுங்க. நீங்க வந்து சொல்லுங்க" என்று போனை வைத்தேன்.

யூனிட்டுக்குப் போனபோது மத்தியானம். வழக்கம்போல் பனி. சல்லடை ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி வேலையை நிறுத்தச் சொல்லாததால் பெண்கள் அடுத்த மாதத்து லோடுக்குச் சாக்கு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, ஏறுச்சுங்களா?" என்று ஒரே கேள்வி. முதலாளி என் பின்னாலேயே வந்தார். அந்த மட்டும் வந்தாரே என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். அவர் தொண்டையைச் செருமினார், அவர்கள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கப்பல் ஏறீருச்சுங்க" என்றார். "எல்லாத்துக்கும் டீ போடுங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்க் காரில் ஏறிவிட்டார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒருத்தி என் கையைப் பிடித்து ஆட்டினாள். இன்னொருத்தி என் கருப்பாகிப்போன ஸ்வெட்டரைப் பார்த்து, "என்னக்கா, கரிமூட்டையா சொமந்தீங்க?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். டீ போட ஒருத்தி அடுப்படிக்கு ஓடினாள்.

டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பெட்டி துறைமுகத்துக்குள் போய்விட்டது உண்மை, அதற்கு முன்பே கட்டடம் போய்விட்டதும் உண்மை, வருகிற மாதத்தோடு யூனிட்டை மூடுகிறார்கள் என்றேன். யாரும் அழவில்லை. முதலாளிக்கு இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாரோ ஒருத்தி போய்ச் சல்லடையை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்றதும் கட்டடம் பெரிதாகிவிட்டது போலிருந்தது.

தராசின் பக்கத்தில் நின்றவள் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. அவள் முன்னால் ஒரு சாக்கு பாதி நிரம்பி நின்றது. கையில் தூள் அள்ளுகிற முறம்.

"அக்கா, அப்ப இதை ரொப்பட்டுங்களா, திரும்பக் கொட்டிரட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவள் முறத்தை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"ரொப்பு" என்றேன்.